பீடி, இரண்டு வேளை

எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதருகே குனிந்து கேட்டார்: "தம்பி, எனக்குக் காசநோய் என்று சொன்னவர்களே இப்போது பீடி பிடிக்கச் சொல்கிறார்களே, இதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?"

அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். "டி.டி.ஜி. 50, பி.டி." என்று ஆங்கில எழுத்துகளில் கிறுக்கியிருந்தது. உள்ளே யாரோ அவசரத்தில் "பி.டி., பி.டி., மறந்துவிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெரியவர் முப்பது வருடம் கொத்தவால்சாவடியிலும் பிறகு கோயம்பேட்டிலும் மூட்டை தூக்கியவர். பீடியை விட்டு அப்போதுதான் நான்கு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் வாயாலேயே உத்தரவு வந்துவிட்டதென்றால் அந்த நான்கு மாதத் தவம் என்ன ஆவது என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

பி.டி. என்பது மருத்துவர்கள் லத்தீனிலிருந்து சுருக்கி வைத்திருக்கும் சொல். நாளைக்கு இரண்டு வேளை என்று பொருள். ஓ.டி. என்றால் ஒரு வேளை. எச்.எஸ். என்றால் படுக்கப்போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். டி.டி.ஜி. என்பது டோலுடெக்ராவிர் என்ற மாத்திரை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்த டோலுடெக்ராவிரை உடம்பிலிருந்து சீக்கிரம் கரைத்து அனுப்பிவிடும். அதனால் காசநோய் மருந்து சாப்பிடுகிற எச்.ஐ.வி. நோயாளிக்கு, வழக்கமான மாத்திரை போக, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிரும் தருகிறார்கள். பெரியவருக்கு இதை விளக்கி, "காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று, பீடி கிடையாது" என்று சீட்டின் பின்புறம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.

நான் பிழைதிருத்துநர். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் புரூஃப் பார்க்கிறேன். 2012-இல் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. எழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் மருத்துவமனை எழுத்துகளையும் சுலபமாகப் படித்துவிடுவேன் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. புரூஃப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அனுபவம் கூடக்கூடக் கண் எழுத்தைப் பார்க்காது, எதிர்பார்த்த சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். "மருந்து" என்று எதிர்பார்த்தால் "விருந்து" என்று அச்சாகியிருப்பது கண்ணில் படாது. என் பச்சை நோட்டில் இருந்த எழுத்துகளை நான் தப்பாகப் படித்ததெல்லாம் அப்படித்தான். பயப்படுகிறவன் தன் பயத்தைப் படித்துக்கொள்கிறான், கோபக்காரன் தன் கோபத்தை.

பச்சை நோட்டு என்பது மையத்தில் நமக்குத் தரும் சிறு புத்தகம். நாம் கையில் கொண்டுபோய்க் கையில் கொண்டுவர வேண்டியது. மையத்திலேயே இருப்பது வெள்ளை அட்டை. இரண்டிலும் எழுத்துகள்தான்.

தமிழில் ஒரு தொல்லை கூடுதலாக உண்டு. ஆங்கில நெடுங்கணக்கில் நான்காம் எழுத்தும் நமக்கு டி, இருபதாம் எழுத்தும் டி. இரண்டாம் எழுத்து பி, பதினாறாம் எழுத்தும் பி. இன்று பெரும்பாலானோர் சாப்பிடும் மாத்திரைக்கு டி.எல்.டி. என்று பெயர், முதல் டி டெனோஃபோவிர், கடைசி டி டோலுடெக்ராவிர், இரண்டும் வேறு வேறு எழுத்து. நடுவில் லாமிவுடின். ஆகவே இந்தச் சுருக்கங்களைக் காதால் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல எழுத்தின் வடிவத்தை அப்படியே பார்த்து வரைந்துகொள்ளுங்கள். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

என் கதை நம்பிக்கை மையத்தில் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லும் ஐ.சி.டி.சி. என்ற இடத்துக்குத் தமிழ்நாட்டில் வைத்திருக்கும் பெயர் அது. சுருக்கங்களே நிறைந்த இந்த உலகத்தில் ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்த நல்ல தமிழ்ப் பெயர் என்று இன்றும் மெச்சுவேன். அங்கேதான் "ரியாக்டிவ்" என்ற சொல்லை முதலில் கேட்டேன். ஒரே ஒரு சோதனையை வைத்துச் சொல்வதில்லை. வேறு வேறு முறையில் மூன்று சோதனை செய்து, மூன்றும் ரியாக்டிவ் என்றால்தான் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் அச்சகத்தில் அப்போதும் சில வேலைகளுக்கு ஃபிலிம் நெகட்டிவ் எடுத்துத்தான் பிளேட் போடுவோம். நெகட்டிவ் நன்றாக வந்திருக்கிறது என்றால் அன்றைக்கு மேஸ்திரிக்கு நல்ல நாள். வெளியே நல்ல சொல்லாக இருக்கும் பாசிட்டிவ் இந்தக் கட்டடத்தில் எப்படி மாறிவிடுகிறது என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதையாவது யோசிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது சி.டி.4. எனக்கு 142 வந்தது. நூற்றுக்கு மேல் வாங்கியிருக்கிறேன், பாஸ்தானே என்று ஒரு கணம் நினைத்தது நிஜம். நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கு இது ஐந்நூறுக்கு மேல் இருக்கும் என்று ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. சி.டி.4 என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. நோய் எதிர்ப்புப் படையில் உத்தரவு கொடுக்கும் சுபேதார் மாதிரி. அந்தக் காலத்தில் இந்த எண் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து தொடங்குவார்கள். "இன்னும் இறங்கட்டும், பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். 2017-இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது பாசிட்டிவ் என்று உறுதியானால் எண் எதுவானாலும் சிகிச்சை உண்டு.

இந்த எண்ணைப் பரீட்சை மார்க் போல ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் பெஞ்சில் பெரிய பொழுதுபோக்கு. போன முறை 420, இந்த முறை 385 என்று ஒருவர் சோறு இறங்காமல் இருந்தார். சளி பிடித்தால்கூட இது ஐம்பது அறுபது இறங்கும். ஒற்றை எண்ணைப் பார்க்காமல் வரிசையாக நான்கைந்து எண்ணை எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். வைரல் லோடு, சுருக்கமாக வி.எல்., இதற்கு நேரெதிர். ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்ற கணக்கு அது. ஏறினால் கெடுதல், இறங்கினால் நல்லது. என் நண்பர் ஒருவர் வி.எல். ஆயிரத்திலிருந்து எட்டாயிரம் ஆனதற்கு எங்களுக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தார். நாங்களும் சாப்பிட்டோம், மருந்தை இடையிடையே விட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மருந்துக்கு வருகிறேன். பத்தாண்டுகளில் என் வாழ்க்கை எழுத்து எழுத்தாக மாறியது. முதலில் இசட்.எல்.என். இசட் என்பது ஜிடோவுடின். மூன்றாவது மாதம் அச்சக மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. வியாதி முற்றிவிட்டது என்று முடிவு கட்டி, மனைவியிடம் வங்கிக் கணக்கு விவரமெல்லாம் சொல்லிவிட்டேன். ரத்தப் பரிசோதனைத் தாளில் எச்.பி. என்ற வரிக்கு எதிரே 7.1 என்று இருந்தது. அது ஹீமோகுளோபின். வியாதி அல்ல, அந்த இசட் என் ரத்தத்தைக் குறைத்திருக்கிறது. சிலருக்கு அப்படி ஆகும், அதற்காகத்தான் அடிக்கடி எச்.பி. பார்க்கிறார்கள். இசட் போய் டெனோஃபோவிர் வந்தது. இரண்டு மாதத்தில் மாடிப்படி பழைய மாடிப்படி ஆனது. டெனோஃபோவிருக்கு சிறுநீரகத்தின் மேல் ஒரு கண் வேண்டும், அதனால் கிரியாட்டினின் என்ற வரியையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் 'என்' என்ற எழுத்து, அதாவது நெவிரபின், போய் 'இ' வந்தது. எஃபாவிரென்ஸ். டி.எல்.இ., பக்கத்தில் எச்.எஸ். அந்த எச்.எஸ்.ஸை நான் மதிக்கவில்லை. என்றைக்கோ ஒரு நாள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை சீசன். நள்ளிரவு வரை வேலை. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் பிரியாணி வாங்கி எல்லோரும் சாப்பிட்டோம். நேரமாகிவிட்டதே என்று கையோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு புரூஃபில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மணமகன் பெயரிலிருந்த கொம்புகளும் கால்களும் தாளை விட்டு இறங்கி மேஜை விளிம்பு நோக்கி நடந்தன. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எஃபாவிரென்ஸ் போனால் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். அதனால்தான் வெறும் வயிற்றில் அல்லது லேசான சாப்பாட்டுக்குப் பின், படுக்கப்போகும் நேரத்தில் என்று அந்த இரண்டு எழுத்து சொல்லியிருக்கிறது. அந்தப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாகப் போய், மறுநாள் முழுவதையும் மீண்டும் அடித்தோம். காரணம் கேட்ட முதலாளியிடம் பித்தம் என்று சொன்னேன்.

நிற்க, சிறு எழுத்துகளையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஓ.ஐ. என்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்த நேரம் பார்த்து வரும் தொற்றுகள். சி.பி.டி. என்பது அவற்றில் சிலவற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல். சல்ஃபா ஒவ்வாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐ.பி.டி. என்பது காசநோய் வராமல் தடுக்க ஆறு மாதம் தரும் ஐசோனியசிட். ஐ.பி.டி.யும் சி.பி.டி.யும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டையும் குழப்பியவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை போகும்போதும் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை என்று நான்கு கேள்வி கேட்பார்கள். சடங்குபோல "இல்லை, இல்லை, இல்லை, இல்லை" என்று சொல்லாதீர்கள். நான் மேலே சொன்ன பெரியவர் அப்படித்தான் மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என் மானம் போன கதை. பல ஆண்டுகள் எங்களுக்கு சி.டி.4 மட்டும்தான் பார்த்தார்கள். 2019-இல் என் வாழ்க்கையில் முதன்முறையாக வைரல் லோடு எடுத்தார்கள். சில வாரம் கழித்து அறிக்கை வந்தது. மதிய உணவு நேரத்தில் போய் வாங்கி, பஸ்ஸில் நின்றபடி பிரித்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. மூன்று எழுத்து: டி.என்.டி.

இந்த மூன்று எழுத்து எனக்குப் புதிதல்ல. சில மாதங்களுக்கு முன் ஒரு பரிசோதனைக்கூடத்தின் பதிவேட்டுப் படிவங்களுக்குப் புரூஃப் பார்த்திருந்தேன். அதில் டி.என்.டி. என்றால் டெஸ்ட் நாட் டன், சோதனை செய்யப்படவில்லை. ஆக, என் ரத்தத்தைத் தொலைத்துவிட்டார்கள்! ஊசி குத்தி இரண்டு குழாய் நிறைய எடுத்துக்கொண்டு, எங்கேயோ ஐஸ் பெட்டியில் மறந்துவிட்டு, மூன்றெழுத்தில் கையைக் கழுவிவிட்டார்கள். அன்றிரவு புகார்க் கடிதம் எழுதினேன். நான்கு பத்தி. "ஏழையின் குருதி என்பதனால் எளிதாயிற்றோ" என்று ஒரு வரி வேறு. எழுதி முடித்து அதற்கும் புரூஃப் பார்த்தேன். ஒற்று மிகும் இடங்களைச் சரிசெய்தேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடிதத்தோடு கவுன்சிலர் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பிறகு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"சார், கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அறிக்கையைத்தான் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்."

டார்கெட் நாட் டிடெக்டட். தேடிய வைரஸ் அகப்படவில்லை. இயந்திரம் கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட என் ரத்தத்தில் வைரஸ் இல்லை. பெஞ்சில் இருக்கும் எல்லோரும் எந்த முடிவுக்காகக் கோவிலுக்கு வேண்டிக்கொள்கிறார்களோ அந்த முடிவை எதிர்த்துப் புகார் கொடுக்க நான் நான்கு பத்தி எழுதியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை, கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்து, "வைத்துக்கொள்ளுங்கள், வேறு எங்காவது பயன்படும்" என்றார். அதுதான் சிரிப்பைவிட மோசம்.

பிறகு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அகப்படவில்லை என்பதற்கு அழிந்துவிட்டது என்று பொருள் அல்ல. வைரஸ் உடம்பின் சில அணுக்களுக்குள் பதுங்கிக் கிடக்கும், மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் தலை தூக்கும். இரண்டு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு இப்படி அகப்படாத நிலையிலேயே இருக்கிறவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்று பரவாது. இதற்கு உலகம் முழுக்க யு ஈக்வல்ஸ் யு என்று சுருக்கம் வைத்திருக்கிறார்கள். அகப்படாது என்றால் பரவாது. என் மனைவிக்கு எச்.ஐ.வி. கிடையாது. ஏழு வருடம் ஒரே வீட்டில் நாங்கள் எத்தனை எச்சரிக்கையோடு, எத்தனை தூரத்தில் வாழ்ந்தோம் என்பதை எழுதப்போவதில்லை. அன்று மையத்திலிருந்து சைதாப்பேட்டை வீட்டுக்கு மத்தியான வெயிலில் நடந்தே போனேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரே எழுத்துக்கூட்டம் ஒவ்வொரு வீட்டிலும் வேறு பிள்ளை. ஆகவே "எனக்குத் தெரியும்" என்பவன்தான் அதிகம் ஏமாறுவான். பச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று மூன்று கட்டம் போட்டேன்: பார்த்தபடி வரைந்த எழுத்து, அதன் தமிழ் விளக்கம், இதனால் நான் செய்ய வேண்டியது என்ன. மூன்றாவது கட்டம் நிரம்பாமல் கவுன்சிலர் அறையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் வைத்துக்கொண்டேன். சில எழுத்துக்கு அந்தக் கட்டத்தில் "ஒன்றும் செய்ய வேண்டாம், அவர்கள் கணக்கு" என்றே எழுதியிருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்வதும் நிம்மதிதான்.

"அவர்கள் கணக்கு" என்று நினைத்து விட்டதில் ஒன்று காலை வாரியது. திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா படுக்கையில் விழுந்து, பிறகு போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்து நான் சென்னை திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. கையில் இருந்த மாத்திரை பதினாறு நாளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. மையத்தில் என் வெள்ளை அட்டையில் எம்.ஐ.எஸ். என்று எழுதியிருந்தார்கள். வரவேண்டிய நாளில் வரவில்லை என்று பொருள். இன்னும் நாளாகியிருந்தால் எல்.எஃப்.யு., தொடர்பு அறுந்தவர். வீட்டு விலாசத்துக்கு ஆள் அனுப்பியும் இருக்கிறார்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு நிறையத் திட்டு வாங்கினேன். திட்டின் நடுவில் தெரிந்துகொண்டது: ஊருக்குப் போனால் பச்சை நோட்டைக் கூடவே எடுத்துப்போக வேண்டும், பயணத்தில் மாட்டிக்கொண்டவருக்கு வேறு ஊர் சிகிச்சை மையத்திலும் மாத்திரை தர வழி உண்டு. குடியே மாறினால் டி.ஓ. என்று இங்கே எழுதி, டி.ஐ. என்று அங்கே பதிந்துகொள்வார்கள், போனது, வந்தது. என் நோட்டு அந்த ஐந்து வாரமும் சைதாப்பேட்டையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

எல்லா எழுத்தும் நம் நல்லதுக்கு எழுதப்படுவதில்லை. அதே 2019 கடைசியில் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை ஆயிற்று, நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில். என் நிலையை நானே முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். கண் விழித்தபோது கட்டில் காலடியில் தொங்கிய அட்டையில் சிவப்பு மையில் ஆர்.வி.டி. என்று இரண்டங்குல உயரத்துக்கு எழுதியிருந்தது. ரெட்ரோவைரல் டிசீஸ் என்பதன் சுருக்கம், எச்.ஐ.வி. என்று எழுதாமல் நாகரிகமாக மறைத்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. அந்த வார்டில் வேறு யார் அட்டையிலும் சிவப்பு மை இல்லை. பார்க்க வந்த அச்சக நண்பர் அதைக் கவனித்துவிட்டார். எழுத்தைக் கவனிப்பதுதானே எங்கள் தொழில்? "இது என்ன?" என்றார். வார்டு எண் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

படுத்தபடியே யோசித்தேன். கையுறையும் கவனமும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும். பரிசோதனை செய்யாதவர்கள் எத்தனை பேர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார்களோ, யார் கண்டது? சிகிச்சை செய்யும் டாக்டருக்குத் தெரிய வேண்டியது கோப்பின் உள்ளே இருக்கட்டும், கட்டில் காலில் எதற்கு? எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. முறையிட மாநில அளவில் ஆம்பட்ஸ்மேன் என்ற அதிகாரிக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அன்று மாலை தலைமைச் செவிலியரிடம் இதைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, தையல் வலித்தது. அரை மணியில் அட்டை மாறியது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய நான்கு பத்திக் கடிதத்தை எடுத்தேன். முதல் பத்தியை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது. கவுன்சிலர் அம்மா தீர்க்கதரிசி. பதில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் "அவர் தாம்பரம் போகிறார்" என்றால் குரல் தானாகத் தாழும். எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அங்கே இருந்ததால், மின்சார ரயிலில் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குகிறவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் அந்தத் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அப்போது ஊர் பேரே சுருக்கெழுத்தாக இருந்தது. இன்றைக்கு மூன்றெழுத்து, கொஞ்சம் முன்னேற்றம்தான்.

போன வருடம் அச்சகத்தில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, பிரெப் மாத்திரை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். என் நிலை அவனுக்குத் தெரியாது. விஷயம் தெரிந்த ஆள் என்ற மட்டில் கேட்டான். எப்போது நடந்தது என்று கேட்டேன். நேற்று முன்தினம் இரவு என்றான். பிரெப் என்பது எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்னதாகவே சாப்பிடுவது, ஆபத்து வருவதற்கு முன். இவனுக்கு வேண்டியது பெப். அது ஆபத்து நேர்ந்த பின் சாப்பிடுவது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எத்தனை சீக்கிரமோ அத்தனை நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் இருக்கும் ஒரே ஒரு எழுத்தில் அவன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். 1097 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது, கூச்சப்படுகிறவர்கள் அதில் கேட்கலாம்.

2021-இல் என் எழுத்து கடைசியாக மாறியது. இ போய் டி வந்தது. கனவுகள் நின்றன, எழுத்துகள் தாளிலேயே இருக்கின்றன. எடைதான் ஆறு கிலோ ஏறியது. ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது: வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் பால்போன்ற மருந்தை எனக்கு அடிக்கடி குடிக்கும் பழக்கம். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அதைக் குடிக்கலாம். முதலில் அதைக் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். மருந்துக்கடைக்காரருக்கு நாம் சொன்னால்தானே தெரியும்? கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து என்றால் ஒன்றாகப் போடலாம் என்றார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அளவு மாற்றுவார்கள்.

அந்த வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனைவிக்குக் கர்ப்பத்திலும் பிறகும் சோதித்தார்கள். நெகட்டிவ்.

இதில் அத்தையின் பங்கைச் சொல்ல வேண்டும். அத்தை டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் படிப்பார், எதையும் விட்டுவைக்க மாட்டார். 2018-லேயே ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் மறந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்த சீட்டைப் பார்த்திருக்கிறார். "ஏ.ஆர்.டி. சென்டர்", அடுத்த தேதி, அவ்வளவுதான் அதில். எனக்கு அது ஆன்டி ரெட்ரோவைரல் தெரபி. ஆனால் குழந்தையில்லாதவர்களுக்குச் செய்யும் செயற்கைக் கருவூட்டல் சிகிச்சைக்கும் ஏ.ஆர்.டி. என்றுதான் சுருக்கம். அத்தையின் பக்கத்து வீட்டுப் பெண் அந்த ஏ.ஆர்.டி.க்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அத்தை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாங்காட்டுக்கு ஆறு வாரம் போய் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

குழந்தைக்குக் காது குத்திய அன்று எல்லோரும் போன பின் என் மனைவியை ஓரமாக அழைத்தார். "எனக்கு எல்லாம் தெரியும். சீட்டை அன்றைக்கே பார்த்துவிட்டேன்" என்றார். என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த ஏ.ஆர்.டி. டாக்டர் கைராசிக்காரர். எங்கே இருக்கிறார் என்று சொல். என் மருமகளுக்கும் ஆறு வருடம் ஆகிறது."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் முன்னால் வந்து, "அங்கே கூட்டம் அதிகம் அத்தை. காலையிலேயே போய் டோக்கன் வாங்க வேண்டும்" என்றேன்.

"இருக்கட்டும். எத்தனை லட்சம் ஆயிற்று உனக்கு?"

"ஒரு பைசாவும் வாங்கவில்லை. மருந்து, பரிசோதனை எல்லாமே இலவசம்."

அத்தையின் முகம் மாறியது. "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியா?"

"ஆமாம் அத்தை."

"அப்படியென்றால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.